ஸ்டெத்து மாஸ்டர் கேட்ட கீச்சொலி

அந்தத் தெருக்கோடிப் பட்டறைக்காரரை யாரும் மெக்கானிக் என்று சொல்வதில்லை. ஸ்டெத்து மாஸ்டர் என்பார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் வைத்து, மரப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடுவார். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு வண்டிக்காரரைப் பரிதாபமாகப் பார்த்து, "எவ்வளவு நாளா இப்படி?" என்பார். டாக்டர்கள்கூட அந்த அளவுக்குப் பயமுறுத்த மாட்டார்கள். வண்டி வாயைத் திறக்காவிட்டாலும் மாஸ்டருக்குக் கேட்டுவிடும் என்று ஊரே பேசியது. அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டவர் மாஸ்டரேதான் என்பதை ஊர் மறந்துவிட்டது.

போன வருடம் அவர் மனைவி இறந்துபோனாள். அன்றிலிருந்து வீடு அடங்கிவிட்டது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாசல் மணியை அடித்து அடித்து விரல் நொந்து, கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். "பாவம், மனுஷன் இடிஞ்சுபோய் உக்காந்திருக்காரு. மணி அடிச்சதுகூட காதுல விழல" என்று உருகினார்கள். பேத்தி போனில் கூப்பிட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ பதில் சொன்னார். அதையும் துக்கத்தின் கணக்கிலேயே சேர்த்தார்கள். இப்படியொரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று உறவுக்காரப் பெண்கள் தத்தம் கணவன்மாரை முறைத்தார்கள்.

கூடத்துச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. மனைவி ஏதோ தள்ளுபடியில் வாங்கி வந்தது. மணிக்கொரு தரம் ஊசி குத்துவதுபோல் கீச்சென்று கத்தும். "இந்தச் சனியனை எங்க புடிச்ச?" என்று மாஸ்டர் கேட்காத நாளில்லை. "எங்கப்பா உங்களப் புடிச்ச அதே கடையிலதான்" என்று அடுக்களையிலிருந்து பதில் வரும்.

"அவ போனதுலேருந்து இதுவும் வாய மூடிக்கிச்சு" என்று வந்தவர்களிடம் மாஸ்டர் சுவரைக் காட்டினார். "முள்ளு ஓடுது. சத்தம் மட்டும் இல்ல. அதுக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க."

அவர் சொல்லி வாயை மூடுமுன் மணி நான்கானது. கடிகாரம் கீச்சென்று கத்தியது. மச்சினர் அவசரமாக இருமினார். மனைவியின் அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். துக்க வீட்டில் யார் போய்ச் சொல்வது? ஒருவரும் சொல்லவில்லை.

பட்டறையில் மட்டும் மாஸ்டரின் மனதை ஏதோ அரித்தது. எஞ்சின்கள் இப்போதெல்லாம் ரொம்ப மரியாதையாக ஓடுவதாகப் பட்டது. அதை யாரிடம் கேட்பது? காதை வைத்துப் பிழைப்பவன் காதைப் பற்றிக் கேட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அப்போதுதான் நாற்காலி வாடகைக்காரர் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கல்யாண வீடு, சாவு வீடு எல்லாவற்றுக்கும் நாற்காலி ஏற்றிப் போகிற வண்டி.

"மாஸ்டர், மானம் போகுது. நேத்து ஒரு சாவு வீட்டுல எல்லாரும் அமைதியா நிக்கிறாங்க. என் வண்டி கீ கீன்னு உள்ள நுழையுது. செத்தவரோட தம்பியே சிரிச்சுட்டாரு."

பானெட்டைத் தூக்கி எஞ்சினை ஓடவிட்டார்கள். வாடகைக்காரரின் முகம் புளியைக் கடித்ததுபோல் சுருங்கியது. மாஸ்டரின் காதுக்குள் உறுமல் மட்டும் ஓடியது. ஸ்க்ரூடிரைவரை வைத்தார். அங்கேயும் உறுமல்தான். ஆனால் எதிரில் சுருங்கிய முகம் ஒன்று இருந்ததே! அன்றிலிருந்து மாஸ்டர் முகத்தைப் பார்த்து வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

எஞ்சினின் முன்பக்கம் ஓடுகிற பெல்ட்மேல் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். கீச்சொலி சட்டென்று அடங்கினால் கோளாறு பெல்ட்டில். அடங்காவிட்டால் பெல்ட் சுற்றிவருகிற புல்லிச் சக்கரம் ஏதோ ஒன்றின் பேரிங்கில். தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சோதனைதான். மாஸ்டர் பாட்டிலை அழுத்தினார். பெல்ட் அள்ளி வீசியதில் பாதித் தண்ணீர் வாடகைக்காரரின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. அவர் முகம் சுளிப்பதை மறந்து சட்டையைப் பார்த்தார்.

"அடங்கிடுச்சு பாத்தீங்களா? பெல்ட்டுதான்" என்றார் மாஸ்டர்.

புது பெல்ட் போட்டாயிற்று. மறுநாளே வண்டி திரும்பி வந்தது.

"இன்னும் கத்துது மாஸ்டர்."

மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். பெருமூச்சு விட்டார். வேறு வழி தெரியாமல், "வண்டி சுத்தமா இருக்கு. உங்க காதத்தான் ஒரு தடவ காட்டணும்" என்றார்.

அவர் அப்படித் தப்பித்துக்கொள்ளத்தான் பார்த்தார். ஆனால் அவருடைய புகழ் அவரைவிடப் பெரியது. மாஸ்டருக்குக் கேட்காத சத்தம் உலகத்தில் இல்லை என்று நம்பிய வாடகைக்காரர் நேராகக் காது டாக்டரிடம் போனார். இரண்டு காதிலும் கருவி மாட்டி எல்லாம் பார்த்தார்கள்.

"காது கண்ணாடி மாதிரி இருக்காம் மாஸ்டர். அப்ப எனக்கு மூளையிலதான் ஏதாவதா?" என்று கலங்கிப்போய்த் திரும்பி வந்து நின்றார் மனிதர். அவருக்குப் பின்னால் வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியூரிலிருந்து வந்திருந்த மாஸ்டரின் மகள் அந்நேரம் சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறைக்குள் நுழைந்தாள். வாசலிலேயே ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்னப்பா இது, பல்லெல்லாம் கூசுது! முதல்ல ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

வாடகைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "உங்களுக்கும் கேக்குதா தங்கச்சி?"

"தெரு முனையிலேருந்தே கேக்குதே!"

மாஸ்டர் ஸ்க்ரூடிரைவரைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். மகள் அவரையே பார்த்தாள். முந்தின நாள் வந்து இறங்கியபோது வாசல் மணியை அவள் எத்தனை தரம் அடித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"அப்பா, வீட்டுக் கடிகாரம் சத்தம் போடுதா?" குரலைத் தாழ்த்தாமல், ஆனால் நிதானமாகக் கேட்டாள்.

"அது உங்கம்மா போன அன்னைக்கே நின்னுடுச்சேம்மா."

"நிக்கலப்பா. ராத்திரி பூரா அடிச்சுது. எனக்குத் தூக்கமே இல்ல."

மாஸ்டர் வண்டிப் பக்கம் திரும்பினார். எஞ்சினை நிறுத்தினார். பெல்ட்டைக் கழற்றினார். ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுழற்றினார். பெல்ட்டுக்குத் தாங்கலாகச் சும்மா சுழலுகிற சின்னப் புல்லியில் விரல் வைத்ததும், உள்ளே மணல் அரைபடுவதுபோல் நெறுநெறுத்தது. முதல் நாளே விரலைக் கேட்டிருந்தால் ஒரு வெள்ளைச் சட்டை பிழைத்திருக்கும்.

புதுப் புல்லியைப் போட்டு எஞ்சினை முடுக்கினார். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவர் காதை நம்பிக் கேட்டார்.

"நின்னுச்சாம்மா?"

"நின்னுடுச்சுப்பா."

வாடகைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்: "மாஸ்டர் இப்பல்லாம் காதக்கூட வைக்கிறதில்ல. வெரல வச்சே சொல்லிடறாரு!" மறுவாரம் பட்டறை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை.

புல்லி மாற்றிய அன்று வீட்டுக்குப் போகும்போது மாஸ்டர் ஸ்க்ரூடிரைவரைக் கையோடு எடுத்துப் போனார். பெரிய முள் பன்னிரண்டை நெருங்கும்போது கடிகாரத்துக்கு அடியில் ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

"விழப்போறீங்கப்பா" என்று மகள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

முனையைக் கடிகாரத்தின் முதுகில் வைத்து, மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடினார். முள் நகர்ந்தது. எலும்புக்குள் எறும்பு கடித்ததுபோல் ஏதோ ஒன்று துடித்தது. கேட்டதா, பட்டதா, அவருக்கே தெரியவில்லை.

பெருமூச்சு வரவில்லை. கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"இந்தச் சனியனை எங்க புடிச்ச?"