அப்பாவின் பதினொரு செக்கன்

திருகோணமலை பஸ் நிலையத்தில் இருபத்திரண்டு வருடங்களாக ஒரே குரல்தான். “மூதூர், தோப்பூர் ஊடாக வெருகல் செல்லும் பயணிகளின் கவனத்திற்கு...” என்று அது ஒலிபெருக்கியில் வந்தால், தேத்தண்ணிக் கடையில் இருப்பவர்கள் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிடுவார்கள். நேரக்காப்பாளர் சிவகுருநாதனின் முகம் பலருக்குத் தெரியாது. அவருடைய குரலைத் தெரியாதவர்கள் கிண்ணியாவிலும் இல்லை, திரியாயிலும் இல்லை.

அவருடைய ஒரே மகள் கஜேந்தினிக்கு இருபத்தேழு வயது. உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்தாள். முகம் விருந்தினரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். கால் மேசைக்குக் கீழே தாளம் போட்டுக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் இருப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஏலாத காரியம்.

கிழமையில் மூன்று நாள், வேலை முடிந்த கையோடு ஸ்கூட்டியில் பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போவாள். அங்கே சஜீத்தின் மாமாவுக்கு ஒரு நெல்லுக் களஞ்சியம் இருந்தது. சஜீத் பகலில் கைபேசி திருத்துபவன், மற்ற நேரத்தில் கிற்றார்க்காரன். பிரதீஸ் ட்ரம்ஸ், சசிகரன் பேஸ் கிற்றார், கஜேந்தினி பாட்டு. நெல் மூட்டைகள் சத்தத்தைக் குடித்துவிடுவதால் அயலில் முறைப்பாடு குறைவு. ‘முடுக்கு’ என்று பெயர் வைத்துக்கொண்ட இந்த ரொக் குழு நாலு வருடம் ஹோட்டல் விருந்துகளில் பிறர் பாட்டுகளை வாசித்து அலுத்துப்போய், ஆறு சொந்தப் பாட்டுகளைச் செய்திருந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்பதில் மட்டும் சண்டை வரவில்லை. நாலு பேரும் ‘எத்தனை மணிக்கு’ என்றார்கள்.

அந்தப் பாட்டை அவள் விடுதி மேசையில் இருந்தபடி, ஒரு பதிவுப் படிவத்தின் பின்பக்கத்தில் இருபது நிமிடத்தில் எழுதியிருந்தாள். எழுத என்ன இருந்தது? வீட்டு வாசற்படலையைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் அப்பா கேட்பதுதான். எங்க போறாய், ஆரோட, எத்தனை மணிக்கு வருவாய். அவர் கோபமாகக் கேட்பதில்லை. பஸ்ஸுக்கு நேரம் பதிவதுபோல நிதானமாகக் கேட்பார். அந்த நிதானம்தான் அவளுக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. பாட்டின் அடிகளை முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டு வந்து, பல்லவியில் அந்த மூன்று கேள்விகளையும் தொண்டை கிழியக் கத்துவாள்.

ஒலிப்பதிவு செய்த அன்று பின்னேரம், தொடக்கம் மொட்டையாக இருக்கிறது என்று சஜீத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து அப்பாவிடமிருந்து குரற்செய்தி வந்தது. சிரிப்புக்காகக் கஜேந்தினி அதைச் சத்தமாகப் போட்டாள்.

“பிள்ளை, ஆறு மணியாகுது. எங்க நிக்கிறாய்? ஆரோட? எத்தனை மணிக்கு வருவாய்? மழை இருட்டிக்கொண்டு வருது, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வா.”

சஜீத் துள்ளி எழும்பினான். “கஜி, இதத்தான் போடணும்!”

“அப்பாட்டக் கேக்க வேணும்.”

“கேட்டா ஓம் எண்டுவாரா?”

“மாட்டார்.”

“அப்ப?”

அப்படியென்றால் போடக்கூடாது என்பதுதான் பதில் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தடுக்கவில்லை. மழையும் கோட்டும் பாட்டின் வேகத்தைக் குறைக்கின்றன என்று அந்தப் பகுதியைச் சஜீத் வெட்டினான். மிஞ்சியது பதினொரு செக்கன்.

வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பாட்டு இணையத்தில் வெளியானது. இரண்டு நாளில் முந்நூற்று நாற்பது பேர் கேட்டார்கள்; அதில் பாதி சொந்தக்காரர். மூன்றாம் நாள், மட்டக்களப்பில் படிக்கும் யாரோ ஒரு பெண் அந்தப் பதினொரு செக்கனைப் போட்டு, தன் மாணவர் விடுதிப் படலையைத் திறந்து வெளியே நடக்கும் காணொளியைப் பகிர்ந்தாள். பிறகு வவுனியாவில் ஒருத்தி, கொட்டகலையில் ஒருத்தி, ரொறன்ரோவில் ஒருத்தி என்று ஒவ்வொருத்தியும் தன் தன் வாசலைத் தாண்டினாள். பத்து நாளில் பாட்டு இரண்டு லட்சத்தைக் கடந்தது. கொழும்பில் ஒரு வானொலி அதை இரண்டு தடவை போட்டது.

‘எங்கட வீட்டுக்குள்ள கமரா வச்சிருக்கிறியளோ?’ என்று ஒருத்தி எழுதினாள். ‘பொம்பிளைப் பிள்ளை கத்துற கத்தா இது?’ என்று ஒருவர் எழுதினார். இரண்டையும் கஜேந்தினி ஒரே படபடப்போடு வாசித்தாள். மேசைக்குக் கீழே கைபேசியை வைத்து, எண் கூடியிருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தாள். ஆறாம் அறைக் கதவின் திறப்பை ஒன்பதாம் அறைக்காரருக்குக் கொடுத்து அனுப்பினாள். சந்தோசம்தான். ஆனால் அது கொதிக்கிற கடற்கரை மணலில் வெறுங்காலோடு நிற்கிற சந்தோசம்; காலை மாற்றி மாற்றி வைக்கவேண்டியிருந்தது.

ஊருக்கு அந்தக் குரல் யாருடையது என்று சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை. ஒருநாள் காலை சிவகுருநாதன் மூதூர் பஸ்ஸை அறிவித்து முடிக்க, வரிசையில் நின்ற ஒரு பொடியன், “எத்தனை மணிக்கு வருவாய்?” என்று அவருடைய தொனியிலேயே கத்தினான். முழு பஸ் நிலையமும் சிரித்தது. அவருக்கு விளங்கவில்லை. பின்னேரம் வரையில் நாலைந்து தடவை இதேதான் நடந்தது. கடைசியில் சாரதி ஸெய்னுதீன்தான் அவரை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டுபோய்த் தன் கைபேசியில் பாட்டைப் போட்டுக் காட்டினார். சிவகுருநாதன் தன் பதினொரு செக்கனையும் கேட்டார், மகளின் மிச்சம் மூன்றரை நிமிடத்தையும் கேட்டார். கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸை அறிவிக்கும்படி எழுதுவினைஞரிடம் சொன்னார்.

அடுத்த நாள் காலை கஜேந்தினி ஸ்கூட்டியை வெளியே எடுத்தபோது அவர் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை. அவள் எஞ்சினை ஓடவிட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். அன்று விடுதியில் எந்த வேலையும் அவளுக்கு ஒழுங்காக ஓடவில்லை. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே.

அம்மா இராசமலர்தான் குசினியில் வைத்துச் சொன்னாள்: “லீவு போட்டிட்டு இருக்கிறார். மைக்கைத் தொடமாட்டாராம். நீ பாடினது பிழையெண்டு நான் சொல்லேல்லை பிள்ளை. அவரிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.”

அன்று பின்னேரமே அவள் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

“அப்பா, கோவமோ?”

“பாட்டு நல்லா இருக்கு.”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் பேப்பரை மடித்தார்.

“நான் கேக்கிறது உனக்கு அலுப்பெண்டு எனக்குத் தெரியாமப் போச்சு. அதைப் பாட்டாப் படிச்சதும் பரவாயில்லை. உன்ட வாயால எவ்வளவும் கத்து. என்ட வாயை ஏன் எடுத்தனி?”

மடித்த பேப்பரை அவர் கதிரைக் கையில் வைத்தார்.

“மழை இருட்டுது எண்டும் சொன்னனான்,” என்றார். “அதை வெட்டிப்போட்டியள்.”

அவள் நேரே கிண்ணியாவுக்குப் போனாள். பாலத்தில் காற்று ஸ்கூட்டியை ஒரு பக்கம் தள்ளியது. களஞ்சியத்தில் சஜீத் மடிக்கணினியோடு இருந்தான். பாட்டை அழித்துவிட்டு, அப்பாவின் குரல் இல்லாமல் மறுபடி போடவேண்டும் என்று அவள் சொன்னதும் அவன் முகம் மாறியது.

“ரெண்டு லட்சத்து அறுபதாயிரம் பேர், கஜி! அழிச்சா எல்லாம் பூச்சியம். கொழும்பு இசைவிழாக்காரர் இந்தக் கிழமைதான் பாட்டைக் கேட்டு எழுதியிருக்காங்க. நாலு வருசமா இதுக்குத்தானே செத்தம்?”

“பாட்டு எங்கட. முதல் பதினொரு செக்கன் எங்கட இல்லை.”

“சனத்துக்குப் பிடிச்சதே அதுதான்.”

“அதுதான் சஜீத். எங்கட இல்லாததுதான் பிடிச்சிருக்கு.”

சஜீத் கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தான். “என்னால அழிக்க ஏலாது. நீங்களே அழிங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கி நடந்தான். பிரதீஸ் மூட்டையில் இருந்தபடி ட்ரம்ஸ் தடியை விரல்களுக்குள் சுழற்றிக்கொண்டிருந்தான். நிச்சயமாக அழிக்கவா என்று திரை கேட்டது. முதல் தடவை தவறான இடத்தில் அமத்தினாள். இரண்டாம் தடவை சரியாக அமத்தினாள்.

புதிய வடிவம் வெறும் ட்ரம்ஸோடு தொடங்கியது. ஒரு கிழமையில் நாலாயிரம் பேர் கேட்டார்கள். ‘பழசுதான் நல்லம்’, ‘அந்த ஐயா எங்க?’ என்றுதான் கீழே எழுதியிருந்தார்கள். கொழும்பு விழாவிலிருந்து, வேறொரு குழுவைத் தெரிவுசெய்துவிட்டதாக மரியாதையான ஒரு கடிதம் வந்தது. சஜீத் பயிற்சிக்கு வருவதை விட்டுவிட்டான். களஞ்சியத்தில் அவள் தனியே மூட்டைமேல் ஏறியிருந்து அடுத்த பாட்டுக்கு நாலு வரி எழுதுவாள், ஐந்தாவது வரியில் எல்லாவற்றையும் கிழிப்பாள்.

பாட்டை எடுத்துவிட்டதை அப்பாவிடம் சொன்னபோது, “இனி எடுத்தென்ன, எல்லாற்ற போனிலயும் கிடக்கு,” என்றார். அது உண்மைதான். ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை லீவை முடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். அவள் தலைக்கவசத்தைக் கழற்றாமல் பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள பழக்கடையோரம் ஸ்கூட்டியை நிறுத்தினாள். குரல் வந்தது. நிலாவெளி, குச்சவெளி, திரியாய் என்று தொடங்க, யாரோ ஒருவன் வழமைபோலக் கத்தினான். சிரிப்பு எழும்பியது. ஒலிபெருக்கி நின்றது. அவள் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“...ஊடாகப் புல்மோட்டை செல்லும் பஸ் இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்,” என்றது குரல். “கத்தின தம்பியும் ஏறலாம்.”

இம்முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. கஜேந்தினிக்கு அழுகை வருவதுபோல இருந்தது, வரவில்லை. வேலைக்கு இருபது நிமிடம் பிந்திவிட்டாள்.

ஆவணியில் சஜீத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘மட்டக்களப்பில கூப்பிடுறாங்க. வாறீங்களா?’ நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவளும் கேட்கவில்லை, ஓம் என்று மட்டும் எழுதினாள். சின்ன மண்டபம். எண்பது பேர் இருந்திருப்பார்கள். கடைசியாக ‘எத்தனை மணிக்கு’ பாட்டை எடுத்தார்கள். ட்ரம்ஸ் தொடங்கியது. அவள் வாய் திறக்குமுன்னரே சனம் ஒரே குரலில், அவசரப்படாமல், அப்பாவின் மூன்று கேள்விகளையும் சொன்னது. அவள் திரும்பிச் சஜீத்தைப் பார்த்தாள். அவன் தனக்கும் தெரியாது என்று தலையை ஆட்டினான். தொடங்கவேண்டிய இடம் அவளுக்குத் தவறிப்போனது. பிரதீஸ் இன்னொரு சுற்று அடித்துக் காத்திருந்தான். பிறகு பாடினாள்.

மறுநாள் பின்னேரம் வீட்டில் சொன்னாள். “அப்பா, உங்கட பகுதியைச் சனமே சொல்லிப்போட்டுது.”

“ஆரும் சொல்லிக் குடுத்ததோ?”

“இல்லை.”

“எத்தனை பேர்?”

“எண்பது இருக்கும்.”

அவர் அதை மனதுக்குள் பதிந்துகொள்வதுபோலத் தலையசைத்தார். “நேரத்துக்குத் தொடங்கினவையளோ?”

“ஒண்டேகால் மணித்தியாலம் பிந்தி.”

“அது சரியில்லை,” என்றார் சிவகுருநாதன், மிகவும் கவலையோடு. எழும்பிக் குசினிக்குள் தேத்தண்ணி போடப் போனார்.

மன்னித்துவிட்டாரா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டாவது பாட்டைக் கார்த்திகையில் விடுவதாக இருக்கிறார்கள். அதன் வரிகளை அவள் ஏழாவது தடவையாக மாற்றிக்கொண்டிருக்கிறாள்.