நாலு இஞ்ச் மூன்று நூல்

என் வீட்டுக்காரர் சவூதியில் ஃபிட்டர். விடுப்பில் திருச்சுழிக்கு வந்தவர் பெண்டாட்டி பிள்ளையோடு நாலு இடம் போவார் என்று பார்த்தால், முன்னறையில் உட்கார்ந்து ஒரு சி.என்.சி. ரூட்டரைப் பூட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் சொல்லும் வழியில் ஓடி மரப்பலகையைச் செதுக்கும் மிஷின். பாகம் பாகமாகப் பெட்டியில் வந்தது. அதற்கு இடம் வேண்டுமென்று சோபாவைத் தூக்கி வாசலில் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"இதுல ஒரு வேலையாச்சும் உருப்படியாச் செஞ்சு குடுத்துட்டா நான் திரும்பிப் போகமாட்டேன்" என்றார் ஒருநாள். அதற்குப் பிறகு சோபாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் அவருடைய விடுப்பில்தான்.

மிஷின் அவர் பாடு, கம்ப்யூட்டர் என் பாடு என்று பிரித்துக்கொண்டோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் வேலை பார்க்கிறேன். படம் வரைய ஒரு மென்பொருள் வேண்டும். அந்தப் படத்தை, மிஷினில் மரத்தைக் குடையும் பிட்டு ஓட வேண்டிய பாதையாக மாற்ற இன்னொன்று வேண்டும். வீடியோவில் பேசியவர்கள் ஆளுக்கொன்றைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். இவர் மனசு போனது பெரிய கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் ரகத்தின் மேல். விமானமே வரையலாமாம்.

"நமக்கு எதுக்குங்க ஏரோபிளேனு?"

"இருந்துட்டுப் போகட்டும்டி."

அது நெட் இல்லாமல் திறக்காது. எங்கள் தெருவில் நெட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். பாதிப் படத்தில் அது நின்றுவிட, இருவரும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சனியனே என்று அதை அழித்துவிட்டு, நெட் கேட்காத ஒரு எளிய மென்பொருளைப் போட்டேன்.

முதல் வேலை மல்லாங்கிணறு பக்கம் ஒரு சர்ச்சிலிருந்து வந்தது. ஆராதனையில் பாட வேண்டிய பாட்டுகளின் எண்ணைக் காட்டும் பலகை. சட்டத்தை ஆசாரி செய்து கொடுத்துவிட்டார். அதில் பள்ளமாக இழுத்திருந்த காடியில் சொருகும் எண் வில்லைகளை நாங்கள் வெட்ட வேண்டும். சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை போனில் அளவு சொன்னார்: "உசரம் நாலு இஞ்சு மூணு நூலு, தம்பி."

"நாலு புள்ளி மூணு, போடு" என்றார் இவர். போட்டேன்.

வில்லைகள் அவ்வளவு அழகாக வந்தன. பஸ் ஏறிக் கொண்டுபோய்ச் சொருகினோம். ஒவ்வொன்றாக முன்பக்கம் சாய்ந்து தரையில் விழுந்தன. "கொஞ்சம் கம்மியா இருக்கே, தம்பி" என்றார் கோயில்பிள்ளை, பாவம், குனிந்து பொறுக்கிக்கொண்டே.

வீட்டுக்கு வந்தோம். வந்ததும் இவர் ஏஜெண்டுக்குப் போன் போட்டு, சவூதிக்குத் திரும்ப டிக்கெட் விசாரித்தார்.

"நாலு பலகை விழுந்ததுக்கு ஊரை விட்டே ஓடுவீகளோ? முதல்ல ஒரு நூலுன்னா எவ்வளவுன்னு சொல்லுங்க!"

"இஞ்சுல எட்டுல ஒரு பாகம்" என்றவர் அப்படியே நிறுத்தி நாக்கைக் கடித்துக்கொண்டார். சவூதியில் அத்தனை வருஷம் மில்லிமீட்டரிலேயே புழங்கிய மனிதர், மூன்று நூலைப் புள்ளி மூன்றாக்கிவிட்டார். வில்லை கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் குறைந்துபோயிருந்தது.

ஆனால் இது இந்த ஒரு வேலையோடு தீராது. எங்கள் பக்கத்தில் கதவோ கட்டிலோ, யார் அளவு சொன்னாலும் இஞ்சும் நூலும்தான். நான் போட்டிருந்த மென்பொருளின் அளவுப் பெட்டியோ புள்ளி வைத்த எண்ணைத் தவிர எதையும் ஏற்காது. ஒவ்வொரு தடவையும் மாற்றி மாற்றிப் போட்டால் எங்காவது சறுக்கும். அதனால் மற்ற பெருமைகளையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் தேடினேன்: சொன்ன கணக்கை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும். இலவசமாக ஒன்று கிடைத்தது. படமும் பாதையும் அதிலேயே, நெட்டும் வேண்டாம். பெட்டியில் நாலு, கூட்டல் குறி, மூன்றின் கீழ் எட்டு என்று அடித்தேன். கோடு சரியான அளவுக்கு நீண்டு நின்றது.

"இன்னொரு வாட்டி அடி" என்றார். பிறகு என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி வாய்க்கு வந்த நூலையெல்லாம் அடித்துப் பார்த்தார். எனக்குச் சிரிப்பாக வந்தது.

புது வில்லைகளை வெட்டி எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். கோயில்பிள்ளை எல்லாவற்றையும் சொருகிவிட்டுச் சட்டத்தைப் பிடித்து ஆட்டினார். ஒன்றும் அசையவில்லை. "அட்டகாசம்!" என்றவர், அதே மூச்சில் கேட்டார்: "பீடத்துக்கு முன்னாடி வைக்க ஒரு மரத்தட்டி வேணும். கிறிஸ்துமசுக்குள்ள முடிச்சுத் தருவீகளா? அப்ப ஊர்ல இருப்பீகளா, பிளேன் ஏறிருவீகளா?"

விடுப்பு அதற்கு வெகு முன்பே முடிகிறது. நான் இவர் முகத்தைப் பார்த்தேன்.

"இருப்பேன்ணே. அளவு சொல்லுங்க."

நான் இத்தனை வருஷம் கேட்க ஏங்கிய வார்த்தையை அந்த மனிதரிடம் போய்ச் சொல்கிறார்! அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்: "அதை எங்கிட்ட மொதல்ல சொன்னா வாயி வலிக்குமா?"

"எனக்கே இப்பத்தான்டி தெரியும்" என்றார்.