தீபிகாவின் மோட்டார் பதிவு

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியை அறையில் இருந்தவர்கள்: தலைமையாசிரியை. அறிவியல் எடுக்கும் சாந்தி டீச்சர். ஒன்பதாம் வகுப்பு தீபிகா. அவள் அப்பா, கணபதி ஏரியாவில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். கதவோரம் நான், கம்ப்யூட்டர் லேப் அட்டெண்டர்.

இவர்கள் வந்துவிட்டார்கள். நந்தினி வரவில்லை. அவளும் அதே வகுப்பு. பிரேயர் வரிசையில் இரண்டு முறை தேடிவிட்டேன்.

நடந்தது இதுதான். சாந்தி டீச்சர் வகுப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்கியிருந்தார். வாரம் ஒரு பிள்ளை தன் வீட்டில் நடக்கும் வேலையைப் பற்றிப் பதிவு எழுதும். மற்ற பிள்ளைகள் கீழே மறுமொழி எழுதுவார்கள். மறுமொழியைப் பார்த்து ஏற்றும் வேலை எனக்கு.

"கெட்ட வார்த்தை இருந்தா மட்டும் நிறுத்திப்போடுங்கண்ணா" என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கெட்ட வார்த்தை ஒன்றும் வரவில்லை. எல்லாம் 'சூப்பருங்க'. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அடுத்தவர் எழுதியதில் குறை சொல்ல மாட்டார்கள். பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகு நந்தினியின் மறுமொழி வந்தது. மற்றதைவிட நீளம்.

"சூப்பருங்க. லீவுல எங்க ஊட்டு மோட்டாரை நானே கழட்டிப் பாக்கறனுங்க."

அப்போதுதான் மோட்டாரைக் கழற்றுவது பற்றி அந்த வாரம் தீபிகா எழுதிய பதிவைத் திறந்தேன். சுவிட்சை நிறுத்த வேண்டும், பியூஸைப் பிடுங்க வேண்டும், மூடியைக் கழற்றிக் கெப்பாசிட்டரைக் கையால் எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். டீச்சருக்கு மோட்டார் தெரியாது. ஏற்றிவிட்டார்.

இந்த வேலைக்கு வருமுன் பதினோரு வருஷம் மோட்டார் வைண்டிங் செய்தேன். கரண்டை நிறுத்தினாலும் கெப்பாசிட்டருக்குள் சார்ஜ் நிற்கும். ஒருமுறை என்னைச் சுவரில் கொண்டுபோய் அடித்தது. வலது ஆள்காட்டி விரல் நுனியில் இன்றும் உணர்வு இல்லை.

டீச்சர் போத்தனூரில் பயிற்சியில் இருந்தார். போன் எடுக்கவில்லை. நந்தினி வீட்டு நம்பரை ஆபீசில் வாங்கி அடித்தேன். சுவிட்ச் ஆஃப். திறந்திருந்த கம்ப்யூட்டரிலேயே ஒற்றை விரலால் அடித்தேன்: "இது தப்பு. தொட்டால் தூக்கி அடிக்கும். யாரும் கழட்ட வேண்டாம்."

சனிக்கிழமை விடிந்ததும் ரிஜிஸ்டரில் இருந்த விலாசத்துக்குப் போனேன். வீடு மாறிவிட்டார்களாம். எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஞாயிறும் போன் கிடைக்கவில்லை. ஆபீசில் கொடுத்தது பழைய நம்பர் போல.

கம்ப்யூட்டரில் வலைப்பூ சாந்தி டீச்சரின் கணக்கில் திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மறுமொழி அவர் பெயரில் போய்விட்டது.

தீபிகாவின் அப்பா உட்காரவே இல்லை. "ஏனுங்க டீச்சர், இருவது வருசமா பட்டறை நடத்தறனுங்க. எம்பட புள்ள எழுதுனதத் தப்புன்னு நாலு பேரு பாக்க எழுதிப்போட்டீங்களே?"

"நான் எழுதலீங்க."

"உங்க பேருதானுங்க போட்டிருக்குது. பேயா வந்து எழுதுச்சு?"

"நானுங்க எழுதுனது" என்றேன்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். "ஏனுங்க ஆறுச்சாமி, டீச்சர் பேருல எழுதற அளவுக்குப் போயிட்டீங்களா? லேப் சாவிய மேசையில வெச்சுப்போட்டுக் கெளம்புங்க."

வைத்தேன். வைத்துவிட்டு தீபிகாவின் அப்பாவிடம் கேட்டேன். "ஏனுங்க, நீங்க கெப்பாசிட்டரை வெறுங்கையிலயா எடுப்பீங்க?"

"எவனுங்க வெறுங்கையில எடுப்பான்? டெஸ்ட் லேம்ப் வெச்சு சார்ஜை எறக்கிப்போட்டுத்தான்..."

நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

"அத நீங்க சொல்லவே இல்லீங்கப்பா" என்றாள் தீபிகா.

"அதச் சொல்றதுக்கு என்ன கண்ணு இருக்குது? கை தானா செய்யுமே."

"நந்தினி கழட்டறேன்னு எழுதியிருந்தாளுங்க. இன்னைக்கு வரலீங்க" என்றேன்.

சாந்தி டீச்சர் போனில் வலைப்பூவைத் திறந்தார். ஏற்றப்படாத மறுமொழி ஒன்று கிடந்தது. ஞாயிறு இரவு நந்தினி எழுதியது. சத்தமாகப் படித்தார்.

"மூடியக் கழட்டிப்போட்டனுங்க டீச்சர். நீங்க எழுதுனதப் பாத்து மறுபடி மூடிட்டேன். கையால எடுக்கக் கூடாதுன்னா வேற எப்படீங்க எடுக்கறது? காய்ச்சலா இருக்குது, நாளைக்கு வரமாட்டனுங்க."



தீபிகாவின் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் சொல்றனுங்க டீச்சர். நீங்க அடிங்க. மொதல்ல, பெரியவங்க இல்லாம தொடவே கூடாதுன்னு போடுங்க."

தலைமையாசிரியை சாவியை என் பக்கம் தள்ளினார். அடுத்த நாள் டீச்சர் என் பெயரில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் பதிவைப் படியுங்கள். பிறகு மறுமொழியை ஏற்றுங்கள். தீபிகாவின் பதிவைப் படிக்காமலே நான் ஏற்றிவிட்ட 'சூப்பருங்க' முப்பத்தொன்று.