தேர் நின்ற மூன்று இடங்கள்

ஓடாமலும் அணையாமலும் நிற்பது ஒரு வேலையா? சிவநேசனின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும். பிறை என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தார். எந்திரம் பழுதாகும்வரை காத்திருப்பது, பழுதானால் எழுந்து போவது, திரும்பி வந்து காத்திருப்பது. ஓய்வு பெற்ற அன்று ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். அதை அவர் கட்டியதில்லை. பெரிய கைகாரர் என்று அவரைச் சொல்ல முடியாது. பொறுமைசாலி என்றார்கள், பாதி நாட்களில் அது சோர்வாகவும் இருந்திருக்கலாம்.

ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் அவர் எல்லாருக்கும் முன்னால் இருந்தார். ஜெலுத்தோங்கில் ஓர் அம்மன் கோயில் தேரை இழுக்கும் சின்ன டிராக்டரைப் பதினெட்டு ஆண்டுகளாக அவர்தான் ஓட்டினார். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தோட்டம் கைமாறியபோது கோயிலுக்கு வந்துசேர்ந்த பழைய பெட்ரோல் வண்டி அது. தேர் இழுப்பதில் ஓட்டம் குறைவு, நிற்பதுதான் அதிகம். வீட்டுக்கு வீடு அர்ச்சனைத் தட்டு வரும். தட்டு திரும்பிப் போகும்வரை எஞ்சின் அடங்கி, ஆனால் அணையாமல் இருக்க வேண்டும். ஐட்லிங் சரியில்லை என்றால் தேர் இல்லை.

போன ஆண்டு அது மூன்று முறை அணைந்தது. மருந்துக் கடைக்கு எதிரில், அடுக்குமாடி வாசலில், சந்தை முனையில். எஞ்சின் சத்தம் ஏறி இறங்கும், மூச்சு வாங்குவதுபோல, பிறகு அணைந்துவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று சிவநேசன் இறங்கி டாங்கி மூடியைத் திறந்து பார்ப்பார். பாதிக்கு மேல் இருக்கும். மூடுவார். அதற்குள் யாராவது ஒரு தேங்காயை உடைத்திருப்பார்கள். சாவியைத் திருப்பினால் பற்றிக்கொள்ளும். மூன்று முறையும் இப்படியே நடந்ததால், தேங்காய்க்குக் கட்டுப்படும் கோளாறு எஞ்சினுடையதாக இருக்க முடியாது என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்.

கோயில் செயலாளர் குமுதா குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். கூட்டத்திலும் அப்படித்தான் பேசினார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. விரத நாள்ல உங்கள நாசி கண்டார் கடையில பாத்ததா சொல்றாங்க.”

“தே ஓ குடிச்சேன். பால் போடாத தேத்தண்ணி, அவ்வளவுதான்.”

“தே ஓ குடிக்க அங்கதான் போகணுமாண்ணே?”

இறைச்சிக் குழம்போடு சோறு விற்கும் கடை அது. நாலைந்து பேர் சிரித்தார்கள். அடுத்த திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் ஒத்திகை. ஒரு மணி நேரம் எஞ்சின் அணையாமல் நின்றால் அவரே ஓட்டலாம், இல்லையென்றால் வண்டியும் வேண்டாம், அவரும் வேண்டாம் என்று முடிவானது.

வண்டியை இக்மலின் பட்டறைக்குக் கொண்டுபோனார். இக்மல் தமிழ் முஸ்லிம் குடும்பம். சிவநேசனைவிடப் பத்து வயது இளையவர். வாய் சும்மா இருக்காது.

“வயசாயிடுச்சு லா இதுக்கு. ரெஸ்ட் குடுங்கண்ணே.”

“எனக்குக் குடுத்தாங்க. என்ன ஆச்சுன்னு பாக்குறீங்கல்ல.”

சிவநேசன் டாங்கியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கம்பியில் தொங்கும் போத்தலிலிருந்து குழாய் வழியாகப் பெட்ரோல் விட்டு வேலை பார்த்தார். கைக்கு இடைஞ்சல் இருக்காது. அந்தப் பட்டறையில் எல்லாரும் அப்படித்தான். கார்புரேட்டரைப் பிரித்துச் சின்னத் துளைகளில் காற்றடித்தார். ஐட்லிங் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக நகர்த்திக் காது கொடுத்துக் கேட்டார். பிளக்கை மாற்றினார். எங்காவது காற்று கசிகிறதா என்று ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்தார். சனிக்கிழமைகள் போயின. போத்தல் பெட்ரோலில் எஞ்சின் நாள் முழுக்க அணையாமல் ஒரே சீராக நின்றது. கோளாறைக் காட்டாத எஞ்சினைப் பழுது பார்ப்பதைப்போல ஆளைக் களைக்கவைப்பது வேறில்லை.

ஒத்திகைக்கு முந்தின சனிக்கிழமை டாங்கியைத் திரும்ப மாட்டினார். நாற்பது நிமிடம் அணையாமல் நின்றது. பிறகு சத்தம் ஏறியது, இறங்கியது, அணைந்தது.

“தேங்கா வாங்கிட்டு வரவா?” என்றார் இக்மல்.

சிவநேசன் பழக்கத்தில் மூடியைத் திறந்தார். உஸ் என்று காற்று உள்ளே போனது. தெருவில் மேளச் சத்தத்துக்கு நடுவே அது கேட்டதே இல்லை.

மூடியின் நடுவில், டாங்கிக்குள் காற்று போக ஓர் ஊசித் துளை உண்டு. அதன்மேல் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்து கல்லாகியிருந்தன. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை குமுதா வைக்கும் பொட்டு. சக்கரம், விளக்கு, ஸ்டியரிங், கடைசியில் மூடி. ஒழுங்கானவர், சரியாக நடுவில் வைப்பார். காற்று நுழைய வழியில்லாமல், கொஞ்ச நேரத்தில் டாங்கி பெட்ரோலை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். மூடியைத் திறந்ததும் விட்டுவிடும். தேங்காய்க்கு இதில் வேலையே இல்லை.

ஒரு தையல் ஊசியால் துளையைத் திறந்தார். எஞ்சின் ஒன்றரை மணி நேரம் அணையாமல் நின்றது, அவரேதான் அணைத்தார்.

“அந்த மூடிய அப்படியே அவங்க கையில குடுங்க,” என்றார் இக்மல். “நீங்க ஒன்னும் பேச வேணாம். அதுவே பேசும்.”

சிவநேசன் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒத்திகை அன்று இக்மலும் போய் நின்றார். குமுதா கைப்பேசியில் நேரம் பார்த்தபடி இருந்தார். ஒரு மணி நேரம் கழிந்தும் எஞ்சின் அணையாமல் நின்றது. அவர் முகம் இளகியது.

“நீங்கதாண்ணே ஓட்டணும். என்னதான் கோளாறு?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வண்டிக்குப் பொட்டு வைக்கக் கொண்டுவந்த சந்தனக் கிண்ணம் அப்போதும் குமுதாவின் இன்னொரு கையில்தான் இருந்தது.

“எஞ்சின்ல ஒன்னும் இல்லம்மா,” என்றார் சிவநேசன். “போன வருஷம் என் விரதந்தான் சரியில்ல.”

விரதம் தவறியவர் தேர் வண்டியில் உட்காரக் கூடாது என்பது கோயில் வழக்கம். அவருக்கும் அது தெரியும். சாவியை எடுத்து, லாரி ஓட்டும் ஷர்வினிடம், குமுதாவின் தம்பியிடம், கொடுத்தார்.

“எங்கயும் அணையாது. மூடியில மட்டும் பொட்டு வேணாம், தம்பி. பெயிண்ட் போகுது.”

இக்மல் பிறகு இரண்டு முறை ஏன் என்று கேட்டுப் பார்த்தார். முதல் முறை, தே ஓ சொல்லட்டுமா என்றார் சிவநேசன். இரண்டாம் முறை கேட்காமலே இரண்டு தே ஓ சொல்லிவிட்டார்.