வாசலில் தொங்கிய கயிறு

இதை எழுதலாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது நாயாறு என்ற கடற்கரை ஊரில் கடை வைத்து வலைநூல், கம்பளிநூல் விற்றுவந்தேன். போவோர் கண்ணில் படட்டும் என்று நைலோன் கயிற்றை மாதக்கணக்காகக் கடை வாசல் வெயிலில் தொங்கவிட்டிருந்தேன். அதில் ஒரு துண்டை மீன்பிடிக்கும் அந்தோனி அண்ணை தன் தோணியின் நங்கூரத்துக்கு வாங்கிப் போனார்.

மறுநாள் அவர் கடலுக்குப் போன பிறகு காற்று எழும்பியது. அவருடைய மனைவி ஓடி வந்தா. "அக்கா, இவர் இன்னும் வரேல்லை. நீங்கள் குடுத்த கயிறு தாங்குமோ?"

"ஓம், தாங்கும்" என்றபடி மிச்சக் கயிற்றை இழுத்துக் காட்டினேன். கையோடு அறுந்தது. இருவரும் மாதா படத்தின் முன் முழங்காலில் விழுந்தோம்.

மாதா காத்தா. மாலையில் அவர் நீந்திக் கரையேறினார். நங்கூரக் கயிறு அறுந்து தோணி போய்விட்டது.

"கயிறை வெயில் திண்டிட்டுது, தங்கச்சி" என்றார். ஏசவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

இப்போது கயிற்றை அலுமாரிக்குள் வைக்கிறேன், இழுத்துப் பார்த்தே கொடுக்கிறேன். கடலுக்குப் போகிறவர்களுக்கு இதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.