கனைத்துவிட்டு வந்தவன்

சீ என்று துப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் பேங்கில் வேலை பார்க்கிறேன், என் அண்ணி நடவுக்குப் போகிறாள். சேற்றிலிருந்து ஏறியதும் பெண்கள் எல்லோரும் பம்புசெட் தொட்டியில் குளித்து, மோட்டார் கொட்டகையின் பின்சுவரை ஒட்டி ஈரத்துணி மாற்றுவார்கள். அந்த நேரத்தில் வரப்பில் வருகிற ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் தூரத்திலேயே கனைப்பான். அந்தப் பக்கமிருந்து "வாங்க" என்று குரல் வந்தால்தான் காலை எடுத்து வைப்பான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, எங்கள் பக்கத்தில் அப்படித்தான்.

நிலத்துக்காரர்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கனைப்பார். அதற்காகவே அவருக்கு நல்ல மனுஷன் என்று பேர். மோட்டார் ஒயரைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போன பிறகு கொட்டகைக் கூரையின் வெளி ஓரத்தில், போனிலேயே பார்க்கிற மாதிரி கேமரா மாட்டினார். பெண்கள் அண்ணாந்து பார்த்தபோது, "ஒயருக்குத்தாம்மா, உங்களுக்கு இல்ல" என்று சிரித்தார். இவர்களும் நம்பினார்கள்.

இந்தக் குறுவை நடவில் ஒருநாள், டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணியிடம் அவர் கரிசனமாகக் கேட்டிருக்கிறார். "நடு முதுகுல அப்படி வெந்து கிடக்கே, மருந்து ஏதாச்சும் போடக் கூடாதாம்மா?"

கஞ்சி வடிக்கும்போது கொட்டிய பழைய தழும்பு அது. ரவிக்கை மறைக்கிற இடம். என் அண்ணனைத் தவிர எந்த ஆணும் பார்த்ததில்லை. அண்ணி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தாள். ஒயர் முன்பக்கம் ஓட, கேமரா பின்சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

இதற்கு மேலும் அந்த ஆளை 'அவர்' என்று எழுத என் கை கூசுகிறது.

வீட்டுக்கு வந்து அண்ணி மறுபடியும் குளித்தாள். தேய்த்துத் தேய்த்துக் குளித்தும், "உடம்பெல்லாம் பூச்சி ஊர்ற மாதிரியே இருக்கு" என்றாள். என் அண்ணன், அந்த மகானுபாவன், "வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அறைந்திருப்பேன்.

"அசிங்கம் பண்ணது அந்தாளு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். என் உடம்பு அவன் போன்ல இருக்கக் கூடாது. அழிச்சாவணும்" என்றாள் அண்ணி.

மகளிர் காவல் நிலையத்துக்கு அவளை நான்தான் கூட்டிப் போனேன். பெண் எஸ்ஐ பொறுமையாகக் கேட்டார். "இப்படிப் பாக்கறதும் குற்றம், படம் புடிக்கறதும் குற்றம். ஆனா யாரும் பாக்க மாட்டாங்கன்னு நீங்க நம்பற மாதிரி இடமா இருக்கணும். இது வயக்காடு. திறந்த வெளில அப்படி என்ன நம்பிக்கைன்னு அவங்க வக்கீல் கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?"

சட்டப் பிரிவை போனில் வரிவரியாகப் படித்துவிட்டுப் போன நான் மறுபடியும் போனைத் திறந்து தேடினேன். அண்ணி தலை குனிந்துகொண்டாள்.

அப்போது வராந்தாவில் ஒரு கனைப்பு. புகாரை வாங்கியதுமே எஸ்ஐ விசாரணைக்குக் கூப்பிட்டிருந்த நிலத்துக்காரன் வந்துவிட்டான். உள்ளே பெண்கள் இருப்பது தெரிந்து வாசலிலேயே நின்றான். அண்ணியின் கை தன்னால் முந்தானையை இழுத்துவிட்டது. அடுத்த நொடி விருட்டென்று எழுந்தாள்.

"கேட்டீங்களா மேடம்? இந்தச் சத்தத்தை நம்பித்தான் நாங்க அங்க துணி மாத்தினோம்."

எஸ்ஐ அவனை உள்ளே கூப்பிட்டார். "எதுக்குக் கனைச்சீங்க?"

"பொம்பளைங்க இருக்கற எடம். திடுதிப்புன்னு நுழையறது மரியாதை இல்லீங்களே."

"தொட்டிக்குப் போறப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் அப்படித்தாங்க. ஊருல யாரை வேணா கேளுங்க." நெஞ்சு நிமிர்ந்தது அவனுக்கு.

"உங்க கேமரா கனைச்சுதா?"

தூ! அப்போது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வியர்த்துக் கொட்டியது. சட்டைப் பையிலிருந்த போனைக் கைக்குள் பொத்திக்கொண்டான். எஸ்ஐ கை நீட்டி வாங்கினார். அண்ணியின் படம் மட்டுமில்லை, நடவுப் பெண்கள் எல்லோருடையதும் அதில் இருந்தது. வழக்கு பதிவானது.

திரும்பி வரும் பஸ்ஸில், ஊர் நெருங்கும்போது அண்ணி மெல்லக் கேட்டாள். "அழிச்சிட்டாங்கல்ல?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "இல்ல அண்ணி. அதுதான் சாட்சி. சீல் வச்சுக் கோர்ட்டுக்கு அனுப்புவாங்க. கேஸ் முடியற வரைக்கும் அழிக்க மாட்டாங்க."

"அப்ப கோர்ட்டுலயும் போட்டுப் பாப்பாங்களா?"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி, முதுகை முந்தானையால் இறுக்கி மூடிக்கொண்டாள்.