எண்ணெய் ஊறிய கிணறு

அங்கம்மா என் அப்பா வேம்புலிக்கு அக்கா. நான் பிறப்பதற்கு முன்னால், யுத்த காலத்தில் நடந்ததைத்தான் சொல்கிறேன். பாதி அம்மா சொன்னது, மீதி அப்பா குடித்துவிட்டுச் சொன்னது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். அத்தையைப் பற்றிப் பேச்சு வந்தால் "பர்மாவிலிருந்து நடந்தே வந்தவ" என்பார்கள், என்னமோ பூந்தமல்லிச் சந்தைக்குப் போய்விட்டு வந்த மாதிரி.

அவளைக் கட்டியவர் பெயர் சின்னசாமி. கூலிக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி பேச்சை நம்பி, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். போய்ச் சேர்ந்த இடம் ஏனாஞ்சாங். ஐராவதி ஆற்றோரம், பூமிக்குள்ளிருந்து எண்ணெய் எடுக்கிற ஊர். பார்த்த இடமெல்லாம் மரச்சாரம் நிற்கும். எண்ணெயோடு உப்புத்தண்ணீரும் மேலே வரும். அதை அப்படியே ஓடையில் விட்டுவிடுவார்கள். ஓடையோரம் வயல் வைத்திருந்த பர்மாக்காரர்கள் ஒவ்வொருவராக உப்பேறிய வயலை விட்டுவிட்டு அதே கம்பெனியில் கூலிக்கு வந்தார்கள். துரைமார் பங்களாவுக்கு ஆற்றுத் தண்ணீர் குழாயில் போயிற்று. கூலிகள் குடியிருந்த லயத்துக்கு மாலையில் கொஞ்ச நேரம் சொட்டும்.

பர்மாக்காரர்கள் ஒருமுறை வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி நம் ஆட்களை வைத்து வேலையை ஓட்டியது. அந்தக் கோபம் யார் மேல் விழும்? துரை மேலா விழும்? அரிவாளோடு லயத்துக்குத்தான் வந்தார்கள். அத்தையும் மாமாவும் ஒரு தொட்டிக்குப் பின்னால் படுத்துக் கிடந்து பிழைத்தார்கள். பிறகு ஜப்பான்காரன் வந்தான். அவன் கையில் சிக்கக் கூடாதென்று அத்தனை எண்ணெயையும் கம்பெனி துரைமாரே கொளுத்தினார்கள். பகல் முழுக்க இருட்டாக இருந்ததாம். எடுத்தவர்களும் அவர்களே, கொளுத்தியவர்களும் அவர்களே, நடுவில் நம் ஆள் எதற்குப் போனான் என்று எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக வரும். ஊருக்கு நடந்து வரும்போது மாமா காட்டுவழியில் வாந்திபேதியில் போனார். மண் தோண்ட யாருக்கும் தெம்பில்லாமல் இலையைப் போட்டு மூடிவிட்டு வந்ததாக அத்தை சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் சொன்னதில்லை.

அப்படி வந்து சேர்ந்தவளுக்குத் தம்பி வீட்டில் கால் நீட்ட இடம் கிடைத்தது. வெள்ளானூர் பக்கத்தில் அப்போது எங்கள் சேரி இருந்தது. சேரியில் ஒரே ஒரு கிணறு. ஊர்க் கிணற்றில் எங்கள் நிழல் விழக்கூடாது என்று இருந்த காலத்தில், எங்கள் ஆட்கள் கூலி வேலை முடிந்து வந்து, நிலா வெளிச்சத்தில் தோண்டிய கிணறு. யாரையும் கேட்காமல் கயிறு விடலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். பர்மாவில் சொட்டுத் தண்ணீருக்கு வரிசையில் நின்று நின்று அலுத்தவள், வந்த புதிதில் தேவையே இல்லாமல் தண்ணீர் இறைத்து இறைத்துக் கீழே ஊற்றுவாளாம். "அண்ணிக்குப் புத்தி பிசகிடுச்சோன்னு பயந்துட்டேன்" என்பாள் அம்மா.

அடுத்த மழைக்காலத்துக்குள் சேரிக்கு மேட்டுப்பக்கத்தில் ஒரு கிடங்கு வந்தது. பட்டாளத்து லாரிகளுக்கு எண்ணெய் சப்ளை செய்கிற ஒரு குத்தகைக்காரனுடையது. முள்கம்பி போட்டு, பள்ளம் வெட்டி, பீப்பாய்களை அடுக்கினார்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் எல்லாம் உண்டு. சேரி ஆண்கள் மொத்தப் பேருக்கும் பீப்பாய் உருட்டுகிற வேலை கிடைத்தது. நாற்று நட்டு அரைவயிறு சாப்பிட்டவர்கள் அரிசி வாங்கிச் சாப்பிட்டார்கள். அப்பாவும் போனார். அத்தை அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

ஆடி மாசத்தில் கிணற்றுத் தண்ணீர் மேல் வானவில் வண்ணத்தில் ஏதோ மிதந்தது. பொம்பளைகள் பழந்துணியைக் கட்டி இறக்கி, நனைத்தெடுத்துப் பிழிந்து பார்த்தார்கள். மண்ணெண்ணெய்! பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து எண்ணெய்க்கு நாடே அல்லாடிக்கொண்டிருந்தது. சேரியில் விளக்கேற்றி எத்தனையோ நாளாகியிருந்தது. இப்போது கிணறே எண்ணெய் கொடுக்கிறது என்றால் விடுவார்களா? பொன்னியம்மன் கண் திறந்துவிட்டாள் என்று கிணற்று மேடையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துப் பொங்கலிட்டார்கள். வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது. தண்ணீரை? வடிகட்டிக் குடித்தார்கள்.

அத்தை பொங்கலைக் கையால் தொடவில்லை.

"இன்னா அண்ணி, சாமி சோறு, வாணாங்கிற?" என்றாள் அம்மா.

"சாமியும் இல்ல பூதமும் இல்ல. மேட்டுல பீப்பா ஒழுவுது. இது இன்னிக்கி வெளக்கு எரியும். நாளைக்கி கெணறு செத்துப் பூடும். நான் பாத்துட்டு வந்தவ சொல்றேன்."

யார் கேட்டார்கள்! தாலியறுத்து வந்தவளுக்கு மற்றவர்கள் வீட்டு விளக்கு பொறுக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஐப்பசிக்குள் ஆடு தொட்டியில் வாய் வைக்காமல் மோந்துவிட்டுத் திரும்பியது. குழந்தைகளுக்கு வயிற்றால் போயிற்று, உடம்பெல்லாம் தடித்தது. என் மூத்த அக்கா, அப்போது கைக்குழந்தை, பாலைக் கக்கிக்கொண்டே கிடந்தாள். கஞ்சியில் எண்ணெய் நாறியது. இப்போது எல்லோருக்கும் புரிந்தது. புரிந்தும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கிடங்கில் போய்ப் பீப்பாய் ஒழுகுகிறது என்று சொன்னால், ஒழுகவிட்டவன் நீதானே என்று குத்தகைக்காரன் சீட்டைக் கிழித்துவிடுவான். அப்புறம் அரிசி ஏது?

"கம்னு இரு அக்கா. எல்லாரும் துண்ற சோத்துல மண்ணைப் போட்டுடாத" என்றார் அப்பா.

"சோறு இங்க இல்லன்னா வேற எடத்துல துண்ணலாம். கெணத்துக்கு எங்கடா போவ? வரதன் ஊட்டாண்ட போய்க் கைய ஏந்துவியா?"

வரதன் ஊரில் பெரிய பண்ணை. ஊர்க் கிணறு அவர் வீட்டு வாசலில்தான் இருந்தது.

மறுநாள் அத்தை எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு குடத்தில் மொண்டுகொண்டு கிடங்கு வாசலில் போய் நின்றாள். காவல்காரன் விரட்டினான். நகரவில்லை. கடைசியில் கிடங்கை மேற்பார்த்த வெள்ளைக்காரத் துரையே வெளியே வந்தான். கூடவே குமாஸ்தா மணவாளன், துரை பேசுவதைத் தமிழில் சொல்லும் ஆள். துரை குடத்துக்குள் குனிந்து மோந்து பார்த்தான். முகம் மாறிவிட்டது. சிகரெட்டைத் தூர எறிந்தான். நல்ல மனுஷன், புரிந்துகொண்டான் என்று அத்தைக்கு உசிர் வந்தது. இனி பள்ளத்தைச் சரிசெய்வார்கள், கிணற்றைத் தூர் வாரினால் தண்ணீர் தெளியும் என்று சேரி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். அம்மா அவளை அப்படிச் சிரித்துப் பார்த்தது அந்த ஒருநாள்தானாம்.

அந்த வாரக் கடைசியில் துலுக்கானம் தமுக்கோடு வந்தான். எங்கள் சேரி வெட்டியான். அரசாங்கம் எது சொன்னாலும் அடித்துச் சொல்ல வேண்டியது அவன் பொறுப்பு. ஊரில் ஏலம், ஜப்தி என்று எத்தனையோ அடித்தவன், அன்றைக்குத் தன் தெருவிலேயே நின்று அடித்தான். கிணற்றில் தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதால் சேரி ஆட்கள் ஒரு வாரத்துக்குள் காலி செய்துவிட வேண்டும், கிணறும் தெருவும் கிடங்கோடு சேர்க்கப்படும். பாதி சொல்லும்போதே அவன் பெண்டாட்டியே வந்து குச்சியைப் பிடுங்கினாள்.

அத்தை மணவாளனைத் தேடி ஓடினாள்.

"பீப்பாய நகத்தச் சொன்னேன் சாமி. எங்கள ஏன் நகத்துறீங்க?"

அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "யுத்த காலத்துல அத்தனை பீப்பாயை எங்கேம்மா கொண்டுபோய் வைக்கிறது? உங்களை நகத்துறது சுலபம்னு மேலேருந்து உத்தரவு."

பொய் சொல்லவில்லை பாவம், உண்மையைத்தான் சொன்னான். எங்களை நகர்த்துவது எப்போதும் சுலபமாகத்தான் இருந்திருக்கிறது.

முத்தாபுதுப்பேட்டைப் பக்கமும் இடமில்லை, எங்கும் பட்டாளம். கடைசியில் ஊருக்குக் கிழக்கே ஒரு மேட்டைக் காட்டினார்கள். கீழே சுக்காம்பாறை. கடப்பாரை இறங்கவில்லை. மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். ஆக, ஊர்க் கிணறுதான். வரதன் யோசித்து, பெரிய மனசு பண்ணி, தூரத்தில் குடத்தை வைத்துவிட்டு நில்லுங்கள், என் ஆள் இறைத்து ஊற்றுவான் என்றார். ஊற்றுகிறவனுக்கு எப்போது ஒழிகிறதோ அப்போதுதான் தண்ணீர். வெயிலில் நின்ற பொம்பளைகள் வரதனைத் திட்டவில்லை, கிடங்கைத் திட்டவில்லை. அத்தையைத்தான் திட்டினார்கள். "வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருந்தா நம்ம கெணறு நம்மாண்ட இருந்திருக்கும்." அவள் குடத்தோடு கடைசியில் போய் நிற்பாள். அவர்கள் சொன்னது சரியென்றே அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்த கோடை. ஒரு சாயங்காலம் வரதன் எங்கள் தெருமுனையில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டார், அத்தையைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னா அங்கம்மா, நல்லா கீறியா? ஊர்க் கெணத்துலயும் அந்த வாசனை வந்துகினு கீது."

அத்தை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"அந்தத் தொரைக்கு உன்னைத் தெரியும். போய் ஒரு வார்த்த சொல்லேன்."

அவரே ஏன் போகவில்லை? கிடங்குக்கு வைக்கோலும் காய்கறியும் அவர் வீட்டிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. வாய் திறந்தால் அது நின்றுபோகும். பீப்பாய் உருட்டின எங்கள் ஆளுக்கும் பண்ணைக்காரருக்கும் அந்த விஷயத்தில் பேதமே இல்லை.

தெருவே கூடி நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா அத்தை காதருகே போனார். "போ அக்கா. போய்ச் சொல்லு. அவுங்க ஊட்டு வாசல்லயும் தமுக்கு அடிக்கட்டும்." அப்பாவுக்கு அப்போது ரத்தம் கொதித்ததாம். யாருக்குத்தான் கொதிக்காது? அந்தத் தெருவில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒரு வருஷமாக அவளைத் திட்டின பொம்பளைகள்கூட, போ போ என்று கண்ணால் சொன்னார்கள்.

அத்தை அப்பாவை விலக்கிவிட்டு முன்னே வந்தாள். பிறகு சொன்னாள்.

"வாணாம் ஆண்டே. நீங்களும் சொல்லாதீங்க. சொன்னா பீப்பாய நகத்த மாட்டாங்க. ஊரைத்தான் நகத்துவாங்க. அப்பறம் உங்களுக்கும் தண்ணி இல்ல, எங்களுக்கு ஊத்தறதுக்கும் ஆள் இல்ல."

"அப்போ இன்னா பண்றது?"

"வடிகட்டிக் குடிங்க."

வரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. ஊரும் சேரியும் அந்தக் கோடை முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது.

மறுநாள் காலை எல்லோரும் வழக்கம்போலக் குடத்தோடு போய் நின்றார்கள். அத்தைக்குத் தாகம். ஊற்றுகிற ஆளிடம் குனிந்து இரண்டு கையையும் ஏந்தினாள். உயரத்திலிருந்து விழுந்த தண்ணீரில் எண்ணெய் மினுங்கியது. முகம் சுளிக்காமல் குடித்தாள், வயிறு நிறைகிற வரைக்கும் குடித்தாள். குடம் தூக்கிவிட வந்திருந்த அப்பாவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இதே தண்ணிக்கித்தான அன்னிக்கி அந்தக் கத்து கத்தின? இப்போ மட்டும் எப்படி எறங்குது?"

அத்தை வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கி கெணறு நம்மளுதுடா."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.